இடப்பக்கம் கிறுகிய ஏரோப்பிளேன்

இதை வாசிக்கப் போகிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ரகரமும் பெரிய றகரமும் எனக்கு எப்போதும் இடம் மாறிவிடும். ஒற்று எங்கே போடுவது என்பதும் நிச்சயமில்லை. வரிகள் போகப் போகக் கீழே இறங்கும். தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் வாசிக்கலாம்.

தேத்தண்ணிக் கடையில் அந்த ஏரோப்பிளேன் கதை வரும்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அது வாவிக்குள் விழுந்தது என்கிறார் ஒருவர். அது பறக்கவேயில்லை, மாடு கட்டி இழுத்தார்கள் என்கிறார் இன்னொருவர். நான் அந்த இடத்தில் நின்றவன். இருந்தும் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து திருத்தியது கிடையாது. எனக்கு அது வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்திய காலம். நாவற்குடாவில், வாவிக் கரையோரம், ஒரு தமிழர் இருந்தார். நெல் ஆலையில் எஞ்சின் பார்ப்பது அவர் வேலை. எஞ்சின்காரர் என்றே எல்லோரும் சொல்வார்கள். வாலிப வயதில் கொழும்பில் ஒரு துரையின் ஏரோப்பிளேனுக்கு எஞ்சின் கழுவித் துடைத்து, அந்தத் துரையிடமே ஓட்டவும் பழகியவர். ஊருக்கு வந்த பிறகும் அந்த ஆசை விடவில்லை. ஆலை வேலை முடிந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டு, சீமைப் பத்திரிகை ஒன்றில் வந்த படத்தைப் பார்த்து, ஐந்து வருடமாகத் தனியே ஓர் ஏரோப்பிளேன் கட்டிக்கொண்டிருந்தார். ஓர் ஆள் மட்டும் இருக்கக்கூடியது. மரச்சட்டம், மோட்டார் சைக்கிள் எஞ்சின். மரச்சட்டத்தின்மேல் போர்த்தப் புடவைத் துணி வேண்டும் என்றுதான் என்னைத் தேடி வந்தார்.

என் தறி காத்தான்குடியில், என் மனைவியின் வீட்டில் இருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். தறியும் என்னோடு போனது. எஞ்சின்காரர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்து, தறியில் ஓடிக்கொண்டிருந்த சாரத் துணியைத் தூக்கி வாயில் வைத்து ஊதினார். எங்கள் ஆட்களை எல்லோரும் அண்ணன் என்ற முறையில் காக்கா என்பார்கள்.

“காத்துப் போகுது காக்கா. ஊதினா மற்றப் பக்கம் வரக்கூடாது. அப்பிடி நெய்யலாமா?”

“நெய்யலாம் ஐயா” என்றேன். அன்று முழுக்க நான் பேசியது அவ்வளவுதான்.

வலச்சிறகுக்கான புடவையை நோன்புக்கு முன்னரே நெய்து கொடுத்துவிட்டேன். இடச்சிறகுக்கானது நோன்பு மாதத்தில் வந்து மாட்டிக்கொண்டது. அந்த வருடம் நோன்பு மாரியில் வந்தது. நெய்வதற்கு முன், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி பூச வேண்டும். இல்லாவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். கஞ்சி காய்ச்சுவது என் மனைவியின் கைவேலை. எனக்கு அந்தப் பதம் வராது. ஆனால் அவள் அந்தக் கிழமை தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காக ஏறாவூருக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டில் ஒரு சொல் கேட்டால் அங்குள்ள பெண்கள் காய்ச்சித் தந்திருப்பார்கள். வேலி வரைக்கும் இரண்டு தடவை போனேன். கேட்க வாய் வராமல் திரும்பி வந்தேன்.

பள்ளிவாசலில் நோன்புக்குக் காய்ச்சிய கஞ்சி ஒரு பானை எங்கள் வீட்டில் மிஞ்சி இருந்தது. தேங்காய்ப்பால், உள்ளி, வெந்தயம், உப்பு எல்லாம் போட்ட கஞ்சி. இதுவும் அரிசிதானே என்று நினைத்தேன். துணியில் வடித்து, தண்ணீர் கலந்து, பாவுக்குப் பூசிவிட்டேன். நோன்பாளிகளுக்கென்று காய்ச்சியதை நூலுக்குப் பூசுகிறோமே என்று ஒரு கூச்சம் மனதில் இருந்தது. யாருக்கும் சொல்லவில்லை. பாவு காய்ந்ததும் இலேசாக உள்ளி வாசம் அடித்தது. நெய்து முடிப்பதற்குள் அதுவும் போய்விட்டது.

எஞ்சின்காரரின் மனைவிதான் புடவையைச் சிறகுகளில் இழுத்துத் தைத்தார். அவர் கைத்தையல் அவ்வளவு நெருக்கம். வெள்ளைக்காரர் பூசும் மருந்து நமக்குக் கிடைக்காது என்பதால், மீன்பிடிக்கிறவர்கள் வலைக்குப் போடும் பனிச்சங்காய்ச் சாற்றைக் காய்ச்சி வெளிப்பக்கம் மூன்று தரம் பூசினார்கள். புடவை கருஞ்சிவப்பாகி, தட்டினால் ஓசை வரும் அளவுக்கு இறுகியது. வாவிக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, “என்ன எஞ்சின்காரர், ஆகாயத்தில வலை போடப் போறீங்களோ? எங்களுக்கும் நாலு மீன் போடுங்க” என்பார்கள். அவர், “விரால்தான் பறக்குது, வேணுமா?” என்பார்.

வெயில் காலம் வந்து வாவியின் ஓரம் காய்ந்து கட்டாந்தரையானதும் பறந்து பார்க்கத் தொடங்கினார். அதற்குள் எனக்கு அந்த வீட்டில் ஓர் இடம் வந்துவிட்டது. விடியற்கால வெள்ளாப்பில் போய் வாலைப் பிடிப்பேன், சிறகு நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவேன். அந்த இரண்டு பேரும் என்னைப் பேசச் சொல்லி நெருக்குவதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பத்து மணிக்கு மேல் மேற்கிலிருந்து உலர்ந்த கச்சான் காற்று எழும்பிவிடும். பிறகு கொட்டிலை விட்டு எடுக்க ஒண்ணாது. ஆகவே பறப்பதெல்லாம் காலையில், சீர்பார்ப்பதெல்லாம் மத்தியானத்தில்.

முதல் நாளே அது எழும்பியது. தென்னை உயரம் போனது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் இறங்கி வந்தவர் முகத்தில் சந்தோசம் பாதிதான்.

“கிறுகுது காக்கா. பிடிகம்ப ஒரு விரல் விட்டாப் போதும், இடப்பக்கம் சாஞ்சு கிறுகுது. பிடிச்சிக்கிட்டே இரிக்கணும்.”

அன்று மத்தியானம் கொட்டிலில் வைத்து அளந்தோம். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டு இரண்டு சிறகின் மட்டமும் பார்த்தார். நூல் பிடித்து வாலிலிருந்து இரண்டு நுனிக்கும் தூரம் பார்த்தார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. மறுநாள் காலையில் பறந்தால் மறுபடி இடப்பக்கம்.

ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினார். சிறகைத் தாங்கும் கம்பியை இரண்டு முறுக்கு மாற்றினார். கொஞ்சம் குறைந்தது. வால் சுக்கானின் ஓரத்தில் ஒரு தகரத் துண்டு வைத்து வளைத்தார். இன்னும் கொஞ்சம் குறைந்தது. பிறகு, தோணி ஒரு பக்கம் சரிந்தால் மறுபக்கம் பாரம் வைக்கிறோமே, அந்தக் கணக்கில் வலச்சிறகு நுனியில் வலை ஈயத்துண்டுகளைப் போட்டார். துண்டுகளை எடுத்துக் கொடுத்தது நான். கடைசியில் கிட்டத்தட்ட நேராக வரும். ஆனால் பனி கூடிய காலையில் மறுபடி கிறுகும். பனி இல்லாத காலையில் கொஞ்சம் நேரே போகும். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கடுதாசி வந்தது. சொந்தமாகக் கட்டிய ஏரோப்பிளேன் என்பதால் கொழும்பிலிருந்து பரிசோதிக்கிற துரை ஒருவர் வரப் போகிறார். கம்பிலிருந்து கையை எடுத்தால் அது தன்பாட்டில் நேரே போக வேண்டும். போகாவிட்டால் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட வேண்டும், இனிப் பறக்கக் கூடாது. அந்தக் கடுதாசியை அவர் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நாளுக்கு நாலு தரம் எடுத்துப் பார்ப்பார்.

கடுதாசி வந்து இரண்டொரு நாளில் எனக்குத் தெரிய வந்தது. ஒரு காலை, அவர் எஞ்சினோடு மினக்கெட்டுக்கொண்டிருக்க, நான் சிறகடியில் சும்மா நின்று புடவையைத் தட்டினேன். வலச்சிறகு, நெருப்பில் காட்டி இறுக்கிய றபான் மேளம் போல டம் டம் என்றது. இடச்சிறகு தொப்பென்றது. கையை வைத்துப் பார்த்தேன்; ஈரமான சாரம்போல நொய்ந்து கிடந்தது. கையில் பட்ட ஈரத்தை என்னை அறியாமல் நாக்கில் வைத்தேன். உப்பு. வாவிக் காற்றாக இருக்கும் என்று வலச்சிறகையும் தொட்டு நாக்கில் வைத்தேன். அதில் ஒன்றும் இல்லை.

மாரியில் பூசிய கஞ்சி நினைவுக்கு வந்தது. உப்புப் பட்ட துணி காலைப் பனியைக் குடிக்கும், தொய்யும், பாரமாகும். மத்தியானம் கச்சான் அடித்ததும் காய்ந்து மற்றச் சிறகைப்போல இறுகிவிடும். அவர் அளந்ததெல்லாம் மத்தியானத்தில். இந்தக் குணம் நெசவுக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தும், அது என் கையால் வந்தது என்று சொல்ல வாய் எழவில்லை.

பதினொரு நாள் சொல்லாமல் இருந்தேன். அந்தப் பதினொரு நாளும் அவர் தன்னைத்தான் குறை சொன்னார். “என்ட கண்ணுதான் பிழை காக்கா. வயசு போகுது. மட்டம் பார்க்கத் தெரியல்ல” என்றார். அதைவிட மோசம், அவர் மனைவி தன் தையலைச் சந்தேகப்பட்டார். இடச்சிறகின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்துத் திரும்பத் தைத்தார். விரல்நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். “நான்தான் இந்தப் பக்கத்த இறுக்கித் தைக்காம விட்டிருப்பன்” என்று எனக்குச் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துரை வருவது வெள்ளிக்கிழமை காலை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் முன்னால் இருந்த சோறு அப்படியே இருந்தது.

“என்ன, சோறு இறங்குதில்லயா? கறியில உப்புக் கூடிப் போச்சா?” என்றாள் என் மனைவி.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். அகப்பையோடு நின்று கேட்டாள்.

“அல்லாவே! பள்ளிக் கஞ்சியயா பூசினீங்க? பக்கத்து ஊட்டுல ஒரு சொல்லுக் கேட்டா உங்கட வாய் தேஞ்சிருமா?”

“வெக்கமா இரிந்திச்சி.”

“வெக்கம்! அந்த மனிசன் வாவிக்குள்ள உழுந்தாலும் வெக்கப்பட்டுக்கிட்டுக் கரையிலதான் நிப்பீங்களா? அந்தப் புள்ள விரலக் குத்திக்கிட்டுத் தைக்கிது. போய்ச் சொல்லுங்க.”

“சொல்லி என்ன? புதுசா நெய்ய நாள் இல்ல.”

“நெய்ய ஏன்? உப்புச் சீலைய என்ன செய்யிற? நல்ல தண்ணியில கழுவுற. இதுக்கு ஒரு ஏரோப்பிளேன்காரன் வேணுமா?”

மறுநாள் திங்கட்கிழமை பின்னேரம் போனேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று கோர்த்துக்கொண்டே போனேன். கொட்டிலுக்குள் நுழைந்ததும் கோர்த்ததெல்லாம் மறந்து போனது. அவர் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சிறகடியில் பாயில் இருந்து தைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, இடச்சிறக நக்கிப் பாருங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “என்ன காக்கா?”

“நக்கிப் பாருங்க. உள்பக்கம்.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருடைய குணம். அவர் மனைவி தையலுக்காகப் பிரித்திருந்த இடத்தில் விரலை விட்டுத் தேய்த்து நாக்கில் வைத்தார். மறுபடி வைத்தார். “உப்பு” என்றார்.

“கஞ்சி ஐயா. நோம்புக் கஞ்சி. நான்தான்” என்று தொடங்கி, வேலி வரைக்கும் இரண்டு தரம் போய்த் திரும்பி வந்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் வேறு எங்கும் பேசியதில்லை. தைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, “உங்கட தையல்ல பிழை இல்லம்மா” என்றேன்.

பிறகு அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

“அப்ப நம்மட பிளேன் பாதி நோன்பு பிடிச்சிரிக்கு! மற்றப் பாதி பிடிக்கல்ல. பிறகெப்படி நேரே போகும்?” என்றார்.

எஞ்சின்காரரும் சிரித்தார், ஆனால் அவருக்குக் கோபமும் இருந்தது. “எப்பயிருந்து தெரியும்?” என்று கேட்டார்.

“பதினொரு நாள்.”

“பதினொரு நாள்!” என்று முறுக்குச் சாவியை எடுத்து மரப்பெட்டிக்குள் எறிந்தார். எழும்பி வாவிக் கரை வரைக்கும் நடந்து போனார். திரும்பி வந்து, “கிணத்துத் தண்ணி கழுவக் காணுமா எண்டு பாருங்க” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பதினொரு நாளைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

செவ்வாய்க்கிழமை சிறகைக் கழற்றி, இரண்டு மரக்குற்றியின்மேல் வைத்து, அடிப்பக்கத் தையலைப் பிரித்து, வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினோம். என் மனைவியும் வந்திருந்தாள். பெண்கள் இருவரும் அன்றுதான் முதன்முதல் சந்தித்தார்கள். முதல் வாளி முடிவதற்குள் என்னைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். வடிகிற தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்து உப்புப் போய்விட்டதா என்று சொல்வது என் வேலை. “இன்னும் இரிக்கி” என்பேன். அவர் அடுத்த வாளியைத் தூக்குவார். மத்தியானத்துக்கு மேல்தான் “இல்ல” என்றேன். நம்பாமல் அவரும் நக்கிப் பார்த்தார். கச்சான் அடித்து இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது. புதன்கிழமை தைத்து, மறுபடி பனிச்சங்காய்ச் சாறு பூசி, சிறகை மாட்டினோம்.

வியாழக்கிழமை வெள்ளாப்பில் நான் முதலில் தட்டிப் பார்த்தது இடச்சிறகைத்தான். கடும் பனி. ஆனாலும் டம் என்றது. அவர் ஏறிப் போனார். எழும்பியது. நாங்கள் மூவரும் கரையில் நின்றோம். தென்னை உயரத்துக்குப் போனதும் அது அப்படியே வலப்பக்கம் சாய்ந்து கிறுகியது.

“இதென்ன புதினம்?” என்றாள் என் மனைவி.

தண்ணீரைத் தொட்டுவிடுமளவுக்கு வலச்சிறகு இறங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எப்படியோ நிமிர்த்திக் கொண்டுவந்து இறக்கினார். முகம் வெளுத்துப் போயிருந்தது. இருக்கையை விட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“மடையன் நான். இடப்பக்கம் கிறுகுது எண்டு வலப்பக்கத்துக்குச் செஞ்சதெல்லாம் அப்பிடியே கிடக்கு! நோய் போயிட்டுது, மருந்து உள்ளுக்க நிக்குது.”

அன்று கச்சான் வழக்கத்துக்கு முந்தியே எழும்பிவிட்டது. இனிப் பறந்து பார்க்க ஒண்ணாது. நாளைக்குத் துரை வந்து நிற்கும்போதுதான் பார்க்கலாம். செய்ததையெல்லாம் அன்றைக்கே, கணக்குத் தப்பாமல், திரும்ப எடுக்க வேண்டும். எதையும் அவர் எழுதி வைத்திருக்கவில்லை.

“காக்கா, நீங்கதான் பக்கத்தில நிண்டீங்க. சொல்லுங்க. கம்பி எத்தின முறுக்கு?”

“முதல் ரெண்டு. பிறகு மழை தூறின நாள் அரை. பிறகொருக்கா கால்.”

“தகரம்?”

என் பெருவிரல் நகத்தைக் காட்டினேன். “இந்த நகத்தில முக்கால்.” நூலை எண்ணிப் பழகிய கண்ணுக்கு அவ்வளவும் நினைவில் இருந்தது. அன்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஈயத்துண்டு ஒன்பது என்றார் அவர். நான் பதினொன்று என்றேன். சிறகு நுனியைத் திறந்து ஒன்பதை எடுத்துவிட்டு, “பார்த்தீங்களா, முடிஞ்சுது” என்றார். நான் சிறகைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். உள்ளே கடகடவென்றது. மூலைச் சட்டத்துக்குப் பின்னால் இரண்டு ஒதுங்கிக் கிடந்தன. அவற்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

வெள்ளிக்கிழமை துரை தொப்பியும் கடிகாரமுமாக வந்து கரையில் நின்றார். சிவந்த, நல்ல முகம். பனிச்சங்காய் பூசிய சிறகைத் தடவி முகர்ந்து பார்த்து ஏதோ கேட்டார். எஞ்சின்காரர் இங்கிலீசில் ஏதோ சொன்னார். துரை சிரித்தார். கஞ்சியைப் பற்றிச் சொல்லியிருப்பாரோ என்று எனக்குப் பயம். துரை சொன்ன சோதனை இதுதான்: வாவிக்கு மேலே நேராகப் போகும்போது இரண்டு கையையும் வெளியே தூக்கிக் காட்ட வேண்டும், தான் கடிகாரத்தில் முப்பது எண்ணும் வரைக்கும் இறக்கக் கூடாது.

நான் சிறகு நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடி, விட்டேன். எழும்பியது. கரையை விட்டுத் தண்ணீருக்கு மேலே போனது. வாவி அன்று அசையாமல் கிடந்தது. எஞ்சின் சத்தத்துக்குக் கொக்குகள் எழும்பி ஒதுங்கின. அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பேசாமல் விட்ட ஏதாவது இன்னும் உள்ளே கிடக்கிறதா என்றே மனம் தேடிக்கொண்டிருந்தது.

கைகள் எழும்பின. தொழுது துஆக் கேட்கிறவருடைய கைகளைப்போல, இரண்டும் ஒன்றாக, சட்டைக் கை காற்றில் படபடக்க. ஏரோப்பிளேன் அப்படியே போனது. சாயவில்லை, கிறுகவில்லை. பாவில் ஓடும் ஒற்றை நூல்போல நேரே போனது.

“போதும், காணும், பிடியுங்க!” என்று அந்த அம்மா கத்தினார். அவருக்குக் கேட்டிருக்க முடியாது.

துரை முப்பது எண்ணி முடித்துக் கடிகாரத்தை மூடிப் பையில் போட்டுவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். அங்கே அந்தக் கைகள் இன்னும் இறங்கவில்லை.

காத்தான்குடி,
1948 ஓகஸ்ட் 14, சனிக்கிழமை.